வகுப்பறை வரை வந்தாயிற்று... நாற்காலி?

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பதவிகளை மேலிருந்து கீழாக எழுதிப் பார்த்தால் ஒரு வேடிக்கையான விஷயம் தெரியும். இந்தியக் குடியரசுத் தலைவர் அதன் 'பார்வையாளர்'. துணைக் குடியரசுத் தலைவர் வேந்தராக இருப்பது வழக்கம். புதுச்சேரியின் துணைநிலை ஆளுநர் 'தலைமை ரெக்டர்'. இவர்களுக்குக் கீழே, அன்றாட நிர்வாகம் முழுவதையும் தலையில் சுமப்பவர் துணைவேந்தர்.

இதில் பார்வையாளர் பதவியில் பிரதிபா பாட்டீல் (2007 - 2012) இருந்திருக்கிறார். 2022-ல் திரௌபதி முர்முவும் அந்த இடத்துக்கு வந்தார். தலைமை ரெக்டர் பதவியில் சந்திராவதி, ராஜேந்திர குமாரி பாஜ்பாய், ரஜனி ராய், கிரண் பேடி, தமிழிசை சௌந்தரராஜன் என்று 1990-க்கும் 2024-க்கும் இடையில் ஐந்து பெண்கள். கேட்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா?

ஆனால் இவர்கள் யாரும் பல்கலைக்கழகத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல. வேறு ஒரு பதவிக்கு வந்தார்கள், அதோடு ஒட்டிக்கொண்டு இதுவும் வந்தது. பல்கலைக்கழகத்துக்கென்றே தேடித் தேர்ந்தெடுக்க வேண்டிய ஒரே பெரிய நாற்காலி துணைவேந்தருடையது. 1985-ல் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் அந்த நாற்காலிக்கு ஒரு பெண் வர 2013 ஆகிவிட்டது. 28 வருடம்!

அத்தனை வருடமும் வகுப்பறைகளில் பெண்கள் இல்லாமலா இருந்தார்கள்? இருந்தார்கள். பிறகு ஏன் இத்தனை தாமதம்? இதற்குப் பதில் தேட வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இரண்டு பள்ளிகள், ஒரு வருட இடைவெளி

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் 1826-ல் ஆண் பிள்ளைகளுக்காக ஒரு கல்விக்கூடம் தொடங்கப்பட்டது. இன்று லிசே பிரான்சே என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பள்ளி அதுதான். அடுத்த வருடமே, 1827-ல், குளூனி சபைக் கன்னியாஸ்திரிகள் வந்து பெண் பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஒரு வருட வித்தியாசம்! அந்தக் காலத்து நிலைமையை நினைத்துப் பார்த்தால் இது பெரிய விஷயம்தான்.

ஆனால் பள்ளி வேறு, உயர்கல்வி வேறு. பிரான்சிலேயே பெண்களுக்கு அந்தக் கதவு மூடித்தான் இருந்தது. பல்கலைக்கழகத்துக்குள் நுழைய 'பக்கலோரேயா' என்ற தேர்வில் தேற வேண்டும். ஜூலி விக்துவார் தோபியே என்ற ஆசிரியை அதை எழுத அனுமதி கேட்டுக் கேட்டு அலைந்தார். கடைசியில் 1861-ல் லியோன் நகரில் எழுதித் தேறினார். பிரான்சில் அந்தத் தேர்வில் வென்ற முதல் பெண் அவர். தேர்வு விதியில் "பெண்கள் எழுதக் கூடாது" என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதலாம் என்றும் இல்லை. இரண்டும் இல்லாத இடத்தில் அதிகாரியின் மனசுதான் விதி.

இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுப் பக்கம் வரலாம். ஏனென்றால் இங்கேயும் கதை அப்படியேதான் நடந்தது.

ஒரு ராஜா, ஒரு அண்ணன், ஒரு அப்பா

முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். மெட்ரிகுலேஷன் தேறிய முத்துலட்சுமி அதே மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது ஊரில் புயல் கிளம்பியது. ஆண்கள் படிக்கும் இடத்தில் ஒரு பெண்ணா என்பது ஒரு எதிர்ப்பு. அதுவும் இன்ன குலத்தில் பிறந்த பெண்ணா என்பது இன்னொரு எதிர்ப்பு. பிள்ளைகளைக் கல்லூரியை விட்டு நிறுத்திவிடுவோம் என்று பெற்றோர் மிரட்டினார்கள்.

அப்போது ராஜாவாக இருந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டு, சேர்த்துக்கொள்ளச் சொன்னார். சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் வகுப்பில் மாணவர்கள் கண்ணில் படாமல் ஒரு திரைக்குப் பின்னால்தான் அவர் உட்கார வேண்டியிருந்தது. அங்கிருந்து 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார், 1912-ல் மருத்துவரானார். 1927-ல் சென்னை சட்டமன்றத்தில் முதல் பெண் உறுப்பினர், அந்த அவையின் துணைத் தலைவர். அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று அவர் விட்டுப் போனவை இன்றும் இருக்கின்றன.

இத்தனைக்கும் வாசல் திறந்தது எப்படி? கல்லூரிக்கு அப்படி ஒரு விதி இருந்ததால் அல்ல. ராஜா ஒருவர் மனசு வைத்ததால். அந்த இடத்தில் வேறு ஒரு ராஜா இருந்திருந்தால்?

அடுத்தது கடம்பி மீனாட்சி. 1905-ல் பிறந்தவர். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. முடித்துவிட்டு 1929-ல் எம்.ஏ. வரலாறு படிக்க ஆசைப்பட்டார். ஆண்கள் கல்லூரிகளில் இடம் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. அவருடைய அண்ணன் லட்சுமிநாராயணன் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பணியில் இருந்தார். தங்கையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் பொறுப்பேற்ற பிறகுதான் சேர்க்கை கிடைத்தது. பல்லவர் கால நிர்வாகமும் சமூக வாழ்க்கையும் பற்றி ஆராய்ந்து 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். பல்கலைக்கழகம் தொடங்கியது 1857-ல் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பட்டம் வாங்கியதும் வேலை தேடி வந்ததா? இல்லை. தேடி அலைந்து, 1939-ல் பெங்களூர் மகாராணி கல்லூரியில்தான் ஆசிரியப் பணி அமைந்தது. அதுவும் பெண்கள் கல்லூரி. அடுத்த வருடமே, 35 வயது நிறையும் முன்பே, இறந்துபோனார். பல்லவர் வரலாறு படிப்பவர்கள் இன்றும் அவர் புத்தகத்தைத் தாண்டிப் போக முடியாது.

மூன்றாவது ஏ. லலிதா. 15 வயதில் கல்யாணம், 18 வயதில் விதவை, கையில் ஒரு பெண் குழந்தை. அவருடைய அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்துறைப் பேராசிரியர். மகளுக்காக அவர் கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார். சாக்கோ சம்மதித்தார், 1940-ல் லலிதா சேர்ந்தார். அவரைத் தொடர்ந்து பி.கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்று இன்னும் இருவர் சேர்ந்தார்கள். படிப்பு முடிந்து சர்டிபிகேட் தரும்போதுதான் ஒரு சிக்கல்: அச்சடித்திருந்த படிவத்தில் 'அவன்' என்று மட்டுமே இருந்தது. அதைப் பேனாவால் அடித்துவிட்டு 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்கள். 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலகப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்குப் போய் வந்தவர் இதே லலிதாதான்.

ஒரு இடத்தில் ராஜா, ஒரு இடத்தில் அண்ணன், ஒரு இடத்தில் அப்பாவும் அவருக்குத் தெரிந்த முதல்வரும். மூன்று பேருமே நல்லவர்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பேராசிரியர் அப்பா இல்லாத, கல்லூரியில் அண்ணன் இல்லாத எத்தனை பெண்கள் அந்த வாசலுக்கு வெளியே நின்றிருப்பார்கள்? அவர்கள் பெயர் எந்த வரலாற்றிலும் வராது.

பெண்கள் கல்லூரி என்ற வேறு வழி

இப்படி ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டுக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, தனி வீடே கட்டிவிடலாம் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். 1914 ஜூலையில் சென்னைக் கடற்கரையில் கேப்பர் ஹவுஸ் என்ற பங்களாவில் 37 மாணவிகளோடு அரசுப் பெண்கள் கல்லூரி தொடங்கியது. 1917-ல் அது ராணி மேரி கல்லூரி ஆனது. முதல் முதல்வர் டோரதி டி லா ஹே, 1936 வரை அந்தப் பதவியில் இருந்தார். 1915-ல் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி. 1918-ல் வேலூரில் ஐடா ஸ்கட்டர் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்று சி.எம்.சி. என்று நாடே அறிந்த அந்தக் கல்லூரியின் மருத்துவப் படிப்பில் ஆண்கள் சேர்ந்தது 1947-ல்தான்! அங்கே ஆண்களுக்குத்தான் 29 வருடம் காத்திருப்பு.

1948-ல் சென்னையில் எத்திராஜ் கல்லூரி, மதுரையில் லேடி டோக் கல்லூரி. 1957-ல் கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி. பிறகு 1988-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அங்கே ராஜம்மாள் பி. தேவதாஸ் முதல்வர், துணைவேந்தர், வேந்தர் என்று மூன்று படியும் ஏறினார்.

புதுச்சேரிக்கு இந்த வழி கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. 1954-ல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது, 1962-ல் சட்டப்படி முழுமையானது. 1961-ல் தாகூர் கலைக் கல்லூரி. 1968-ல் அரசு மகளிர் கல்லூரி. அதே வருடம்தான் முத்துலட்சுமி ரெட்டி காலமானார். கல்லூரிக்கு இன்று பாரதிதாசன் பெயர். பொருத்தமான பெயர்தான். அவர் இந்த ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், பெண் படிப்பதைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதியவர். பல்கலைக்கழகம் வரும் வரை புதுச்சேரிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடுதான் இணைந்திருந்தன.

இந்தப் பெண்கள் கல்லூரிகளின் பெரிய பலன் எது? படிக்க இடம் கிடைத்தது மட்டும் இல்லை. துறைத் தலைவர், விடுதிக் காப்பாளர், முதல்வர் என்று நிர்வாகம் செய்ய பெண்களுக்கு இடம் கிடைத்தது. ஒரு பெண் பட்ஜெட் போடுவதையும், கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதையும், தவறு செய்தவரைக் கூப்பிட்டுக் கண்டிப்பதையும் பார்த்து வளர்ந்த மாணவிக்கு அது சாதாரண விஷயமாகிவிடுகிறது. 2003-ல் ராணி மேரி கல்லூரி இடத்தில் தலைமைச் செயலகம் கட்டப்போகிறார்கள் என்றதும் மாணவிகள் கல்லூரியை விட்டு நகராமல் போராடியது பலருக்கு நினைவிருக்கும். திட்டம் கைவிடப்பட்டது. அந்த இடம் அவர்களுக்கு வெறும் கட்டடமாக இருந்திருந்தால் அப்படிப் போராடியிருக்க மாட்டார்கள்.

ஏணியில் காணாமல் போன படி

இங்கேதான் யாரும் அதிகம் பேசாத ஒரு சிக்கல் இருக்கிறது.

பெண்கள் கல்லூரிகள்தான் பெண் ஆசிரியர்களுக்கு அதிகமாக வேலை கொடுத்தன. ஆனால் அவை பெரும்பாலும் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள். அப்படிப்பட்ட கல்லூரிகளில் 'பேராசிரியர்' என்பது பேச்சு வழக்கில் எல்லோருக்கும் உண்டு, ஆனால் பதவிப் பட்டியலில் நீண்ட காலம் அந்தப் படியே இல்லை. இணைப் பேராசிரியரோடு ஏணி முடிந்துவிடும். அதற்கு மேல் முதல்வர் பதவி ஒன்றுதான். அதிகாரப்பூர்வமான பேராசிரியர் பதவி பல்கலைக்கழகத் துறைகளில்தான் இருந்தது.

துணைவேந்தர் ஆக என்ன தகுதி வேண்டும்? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010-ம் ஆண்டு விதியும் சரி, 2018-ம் ஆண்டு விதியும் சரி, பத்து ஆண்டு பேராசிரியர் அனுபவம் கேட்கின்றன. இல்லாவிட்டால் பெயர் பெற்ற ஆராய்ச்சி அல்லது கல்வி நிர்வாக அமைப்பில் பத்து ஆண்டு அனுபவம். இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பெண்கள் அதிகம் வேலை செய்யும் இடத்தில் எந்தப் படி இல்லையோ, அந்தப் படியில் பத்து வருடம் நின்றிருக்க வேண்டும் என்கிறது விதி. விதியில் ஆண், பெண் என்ற வார்த்தையே இல்லை. ஆனால் வடிகட்டுவது யாரை?

இது வெறும் கற்பனை இல்லை, நீதிமன்றம் வரை போன விஷயம். 2012-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் துணைவேந்தராகக் கல்யாணி மதிவாணன் நியமிக்கப்பட்டார். அவர் எத்திராஜ் கல்லூரியில் இணைப் பேராசிரியராக இருந்தவர். பத்து வருடப் பேராசிரியர் அனுபவம் இல்லை என்று வழக்குப் போட்டார்கள். 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் நியமனத்தை ரத்து செய்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. மாநில அரசு ஏற்றுக்கொள்ளாதவரை யு.ஜி.சி. விதி மாநிலப் பல்கலைக்கழகத்தைக் கட்டாயப்படுத்தாது என்பது அப்போது சொன்ன காரணம். பிறகு 2022-ல் வேறு மாநில வழக்குகளில் யு.ஜி.சி. விதியைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆக, அந்தப் பத்து வருடம் இன்னும் கெட்டியாகிவிட்டது.

தகுதியே பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. கேள்வி எல்லாம், 3,000 மாணவிகள் படிக்கும் ஒரு கல்லூரியைப் பத்து வருடம் முதல்வராக நடத்திய அனுபவம் ஏன் அந்தத் தகுதிக்குள் நேரடியாக வரவில்லை என்பதுதான்.

ஒரு சின்னக் கணக்கு

காமர்ஸ் படிப்பவர்களுக்குக் கணக்கு போட்டுப் பார்த்தால்தான் திருப்தி. போட்டுவிடலாம்.

பிஎச்.டி. முடித்த ஒருவர் 28 வயதில் உதவிப் பேராசிரியராகச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2018 யு.ஜி.சி. விதிப்படி பதவி உயர்வுப் படிகளுக்கு 4 + 5 + 3 + 3 என்று குறைந்தது 15 வருடம். ஒரு நாள் கூடத் தாமதம் இல்லாமல் கிடைத்தால் 43 வயதில் பேராசிரியர். அதன் மேல் பத்து வருடம். 53 வயதில் துணைவேந்தர் பதவிக்கு விண்ணப்பிக்கும் தகுதி.

இப்போது அதே படிப்பு, அதே திறமை உள்ள ஒரு பெண். கல்யாணம், குழந்தை என்று பிஎச்.டி. ஐந்து வருடம் தள்ளிப்போகிறது. 33 வயதில் வேலை. எல்லாம் சரியாக நடந்தாலும் 58 வயதில்தான் அந்தத் தகுதி. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் ஓய்வு வயது 60. நடுவில் ஒரு பதவி உயர்வு இரண்டு வருடம் இழுத்தால்? கணக்கு அங்கேயே முடிந்தது. அவர் தோற்றார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பட்டியலில் அவர் பெயரே வராது, அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்ய ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. மத்திய அரசு ஊழியர்களான பெண்களுக்கு 2008-ல் 730 நாள் குழந்தை வளர்ப்பு விடுப்பு வந்தது. 2016-ல் யு.ஜி.சி. பெண்களுக்குப் பிஎச்.டி. முடிக்க இரண்டு வருடம் கூடுதல் அவகாசமும் 240 நாள் விடுப்பும் கொடுத்தது. தமிழ்நாடு அரசு 2021-ல் மகப்பேறு விடுப்பை 12 மாதமாக்கியது. எல்லாம் நல்லது. ஆனால் கவனித்துப் பாருங்கள்: இந்தச் சலுகைகள் படிப்பையும் வேலையையும் கைவிடாமல் காப்பாற்றுகின்றன. போன வருடங்களை ஏணியில் திருப்பிக் கொடுப்பதில்லை.

எண்கள் என்ன சொல்கின்றன?

மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-ல் இந்தியாவில் உயர்கல்வி படித்தவர்கள் 4.33 கோடி. அதில் பெண்கள் 2.07 கோடி. 18 முதல் 23 வயதுக்குள் உள்ளவர்களை வைத்துப் போடும் மொத்தச் சேர்க்கை விகிதத்தில் பெண்கள் 28.5, ஆண்கள் 28.3. அதாவது பெண்கள் ஒரு மயிரிழை முன்னால்! புதுச்சேரியின் மொத்த விகிதம் 61.5. நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கும் இடங்களில் ஒன்று.

ஆசிரியர்களில் பெண்கள் 43 சதவீதம். மாணவர்களில் கிட்டத்தட்டப் பாதி, ஆசிரியர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. இதுவரை சரி. துணைவேந்தர் அறைக்குப் போனால்தான் அந்தப் பாதி எங்கோ கரைந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் நகர்வே இல்லாமல் இல்லை. 2010-ல் பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கு கே. மீனா வந்தார். 2018-ல் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு சுதா சேஷய்யன். 2022-ல் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கு முதல் பெண் துணைவேந்தராக வெ. கீதாலட்சுமி. அதே வருடம் டில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் பெண் துணைவேந்தரான சாந்திஸ்ரீ பண்டிட் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974-ல் வளாகமாகத் தொடங்கியது. 2011-ல் வசந்தி அரசரத்தினம் அதன் முதல் பெண் துணைவேந்தரானார். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் 1920-ல் தொடங்கும்போது அதன் முதல் வேந்தரே போபால் பேகம் சுல்தான் ஜஹான் என்ற பெண். ஆனால் அங்கே ஒரு பெண் துணைவேந்தர் வர 2024 ஆனது. புதுச்சேரியில் பார்த்த அதே கதை: அலங்காரப் பதவிக்குப் பெண் வந்துவிடுகிறார், வேலை செய்யும் பதவிக்குத்தான் காத்திருப்பு.

முதல் பெண் என்ற சுமை

மறுபடி புதுச்சேரிக்கு வருவோம். 2013-ல் சந்திரா கிருஷ்ணமூர்த்தி துணைவேந்தரானார். ஆனால் அந்தப் பதவிக்காலம் நல்லபடியாக முடியவில்லை. அவருடைய கல்வித் தகுதிகளைப் பற்றிக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. 2015-ல் மாணவர்கள் பெரிய அளவில் போராடினார்கள். மத்திய அரசு அவரைப் பொறுப்பிலிருந்து ஒதுக்கி வைத்தது, 2016-ல் அவருடைய பதவி முடிவுக்கு வந்தது. இடையில் பேராசிரியர் அனிஷா பஷீர் கான் பொறுப்புத் துணைவேந்தராக இருந்து பல்கலைக்கழகத்தை நடத்தினார். 2017-ல் அடுத்த நிரந்தரத் துணைவேந்தராக வந்தவர் ஆண்.

இதை மறைத்துவிட்டு எழுதினால் அது வரலாறு ஆகாது. ஆனால் இதிலிருந்து என்ன பாடம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். துணைவேந்தர் பதவியில் சர்ச்சைக்குள்ளான ஆண்கள் இந்தியாவில் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவரைப் பார்த்தும் "இனி ஆண்களைப் போடக்கூடாது" என்று யாரும் சொன்னதில்லை. அது அந்தத் தனி மனிதரின் தவறாகவே போய்விடும். பெண் ஒருவராக மட்டும் இருக்கும்போது அவருடைய தவறு எல்லாப் பெண்களின் கணக்கிலும் எழுதப்படும் ஆபத்து இருக்கிறது. பத்தில் நான்கு பேர் பெண்களாக இருந்தால் அந்தக் கணக்கே எழாது. தோற்கும் உரிமையும் சமத்துவத்தில் ஒரு பகுதிதான்.

அதே காலத்தில் நெருக்கடியான நேரத்தில் பல்கலைக்கழகத்தைக் கையில் வாங்கி நடத்தியவரும் ஒரு பெண்தான் என்பது எத்தனை பேருக்கு நினைவில் இருக்கிறது?

பேனாத் திருத்தம் போதாது

சரி, என்ன செய்யலாம்? வானத்தை வில்லாக வளைக்க வேண்டியதில்லை. சில வரிகளை மாற்றினாலே போதும்.

முதலாவது, தேடல் குழு. ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில், பெண்களோ பட்டியல் இனத்தவரோ மற்ற குறிப்பிட்ட பிரிவினரோ விண்ணப்பித்திருந்தால் அப்படிப்பட்ட பிரிவிலிருந்து ஒருவர் உட்கார வேண்டும் என்று யு.ஜி.சி. விதியிலேயே இருக்கிறது. துணைவேந்தரைத் தேடும் குழுவுக்கு 2018 விதியில் அப்படி ஒரு வரி இல்லை. உதவிப் பேராசிரியருக்குத் தேவையான நியாயம் துணைவேந்தருக்கு வேண்டாமா?

இரண்டாவது, பெண்கள் கல்லூரி முதல்வராக இருந்த வருடங்களைத் தகுதியில் வெளிப்படையாகச் சேர்ப்பது. மூன்றாவது, விண்ணப்பித்தவர்களில் எத்தனை பெண்கள், இறுதிப் பட்டியலில் எத்தனை பெண்கள் என்ற எண்ணிக்கையை வெளியிடுவது. பெயர் வேண்டாம், எண் போதும். எண் வெளியே வந்தால் கேள்வி தானாக வரும்.

புதுச்சேரியை ஒரு காலத்தில் ஆண்ட பிரான்ஸ் இதைச் செய்திருக்கிறது. அங்கே 2013-ல் வந்த உயர்கல்விச் சட்டம், பல்கலைக்கழக நிர்வாகக் குழுத் தேர்தலில் வேட்பாளர் பட்டியல் ஆண், பெண் என்று மாறி மாறி இருக்க வேண்டும் என்றது. 1861-ல் ஒரு தேர்வு எழுத ஒரு பெண்ணை அலையவிட்ட நாடு அது! அதிகாரியின் மனசை நம்பாமல் சட்டத்தில் எழுதி வைத்துவிட்டார்கள்.

லலிதாவின் சர்டிபிகேட்டில் 'அவன்' என்பதைப் பேனாவால் அடித்து 'அவள்' என்று எழுதினார்கள். அது ஒரு காகிதத்துக்கான திருத்தம். அடுத்த கட்டு படிவத்தை யார் திருத்துவது? அதற்கும் நம் நாட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனம் தயாரித்தபோது இந்தியாவின் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தவர் ஹன்சா மேத்தா. எல்லா ஆண்களும் சுதந்திரமாகப் பிறக்கிறார்கள் என்று பொருள்படும்படி வரைவு இருந்தது. எல்லா மனிதர்களும் என்று மாற்ற வேண்டும் என அவர் வற்புறுத்தினார். 1948-ல் பிரகடனம் அப்படியே வெளிவந்தது. அது ஒரு காகிதத்தின் திருத்தம் இல்லை, மூலத்தின் திருத்தம். உலகம் முழுக்க எத்தனை மொழியில் அச்சடித்தாலும் இனி அப்படித்தான் வரும்.

அடுத்த வருடம், 1949-ல், பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் துணைவேந்தராக உட்கார்ந்தவரும் ஹன்சா மேத்தாதான். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் ஒரு இந்தியப் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் பெண் துணைவேந்தர் அவர்.

அந்த வருடத்துக்கும் புதுச்சேரியின் 2013-க்கும் நடுவில் 64 வருடம். வழி தெரியாமல் போன வருடங்கள் இல்லை அவை. வழி தெரிந்தும் விதியில் எழுதாமல் போன வருடங்கள்.